ஏழாவது கேள்வி

தார்த்துவில் பிப்ரவரி.
ஆறு உறைந்து கிடக்கிறது.
பல்கலைக்கழகம் சம்பளம் கொடுத்து
என்னைத் தொலைபேசியில் பேச வைத்திருக்கிறது.

போன கோடையில் பட்டம் வாங்கியவர்கள்
இருநூற்றுப் பதினேழு பேர்.
கூப்பிட்டுக் கேட்க வேண்டும்:
என்ன வேலை, எங்கே, எவ்வளவு.
ஏழாவது கேள்வி மட்டும் தடித்த எழுத்தில்.
உங்கள் வேலை உங்கள் படிப்போடு தொடர்புடையதா?
முழுமையாக. ஓரளவு. இல்லை.
மூன்று கட்டங்கள். நான்காவது கிடையாது.

ஊர்மாஸ், தத்துவம்.
பேர்ணு நெடுஞ்சாலையில் இரவெல்லாம்
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான்.
ஏழாவதைக் கேட்டதும் சத்தமே இல்லை.
அவசரப்படுத்தாமல் இருந்தேன்.
"முன்னால் தள்ளத் தள்ள
பின்னால் விழுந்துகொண்டே இருக்கிறது" என்றான்.
"முழுமையாக என்று போடுங்கள்."
சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.
போட்டேன்.

லீவிகா, கணக்கியல்.
தாலினில் வங்கி, எட்டாவது மாடி,
என் சம்பளம் போல மூன்று பங்கு.
மடமடவென்று ஒப்பித்தாள்.
ஏழுக்கு, "முழுமையாக. இதிலென்ன சந்தேகம்?"
நன்றி சொல்லி வைக்கப் போனேன்.
"வேறு கேள்வி இல்லையா?"
இல்லை.
"ஒன்றுகூடவா?"

ஹில்லார், வேதியியல்.
பின்லாந்தில் கட்டட வேலை.
சுத்தியல் சத்தத்துக்கு மேல் கத்தினான்,
"இல்லை என்றே போடு!"
பிறகு ஏதோ நினைவு வந்தவனாக:
போன மாதம் நிலவறையில் ஒரு வாடை.
துப்புரவுத் திரவங்கள் இரண்டை
யாரோ ஒரே வாளியில் ஊற்றியிருக்கிறார்கள்.
மற்றவர்களுக்கு அது வெறும் நாற்றம்.
இவன் ஆறு பேரைக் கையைப் பிடித்து இழுத்து
மாடிப்படி ஏற்றியிருக்கிறான்.
"அதற்காக என்னை வேலைக்கு எடுக்கவில்லையே.
அதனால் இல்லைதான்."
ஓரளவுக்கும் இல்லைக்கும் இடையே
வெறும் காகிதமாக இருந்த இடத்தில்
என் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் துறைத்தலைவர் சொன்னார்:
எழுபது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் படிப்பு
அடுத்த ஆண்டு இருக்காது.
ஓரளவு என்பதையும் இல்லையோடுதான் கூட்ட வேண்டும்.
கெட்ட மனிதர் இல்லை.
அவருக்கும் மேலே ஒருவர்
படிவத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.
படித்தவன் வயிற்றுக்கு என்ன செய்வான் என்று
கேட்பதில் தப்பும் இல்லை.
மாதம் பிறந்தால் வாடகை கட்டுகிறவள்தான் நானும்.

சதுப்புநிலத் தாவரவியல், பதின்மூன்று பேர்.
பன்னிரண்டு பேர் பேசிவிட்டார்கள்.
ஒன்பது முழுமையாக, மூன்று இல்லை.
பதின்மூன்றாவது பெயர் விர்வே.

நான்.

நான்கு ஆண்டுகள் ஈர மண்ணில் முழந்தாளிட்டு
உருப்பெருக்கியும் கையுமாகப்
பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உயரும் நிலம் அது.
ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதுவதற்கு முன்
இன்னும் ஒருமுறை பார், என்பதுதான்
முதல் வாரமே அங்கே சொன்னது.
என் முட்டிகளில் அந்தக் குளிர்
இன்றும் இருக்கிறது.
இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

இல்லை என்றால் அறுபத்தொன்பது.
முழுமையாக என்றால் எழுபத்தேழு;
ஆனால் நாள் முழுக்கப் பிறரிடம்
உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்ட வாய் இது.

விதிமுறை, பக்கம் நான்கு:
மூன்று முறை கூப்பிட்டும் எடுக்காதவரை
எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.
பன்னிரண்டில் ஒன்பது, எழுபத்தைந்து.

அலுவலகத் தொலைபேசியில்
என் எண்ணையே அழுத்தினேன்.
ஆணியில் தொங்கிய என் மேலங்கியின் பையில்
வெளிச்சம் வந்து துடித்தது.
எதிர் மேசை மாரிகா நிமிர்ந்து பார்த்தாள்.
"எடுக்கவில்லையா?"

அடித்து ஓயும்வரை இருந்துவிட்டு
என் பெயருக்கு எதிரே எழுதினேன்:
முதல் முயற்சி. பதில் இல்லை.